புள்ளிக்குப் பின்னால் மூன்றெழுத்து



மூன்றெழுத்து என்றதும் நம் ஊரில் முதலில் ஞாபகம் வருவது சினிமா. அடுத்தது அரசியல். கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் சில பேருக்குக் காதல்! இந்தக் கட்டுரை அந்த மூன்றெழுத்துகளைப் பற்றியது அல்ல. கம்ப்யூட்டரில் ஒவ்வொரு ஃபைல் பெயருக்குப் பின்னாலும் ஒரு புள்ளி வைத்து டாக், பிடிஎஃப், ஜேபிஜி, இஎக்ஸ்இ என்று ஒட்டிக்கொண்டிருக்கிறதே, அதைப் பற்றியது. புத்தகத்தில் இதற்கு எக்ஸ்டென்ஷன் என்று பெயர். எங்கள் ஹாஸ்டலில் வால். நானும் வால் என்றே எழுதப் போகிறேன். நமக்கெல்லாம் இனிஷியல் பேருக்கு முன்னால், ஃபைலுக்கு மட்டும் பின்னால் என்று வைத்துக்கொண்டாலும் சரிதான்.

"கம்ப்யூட்டர் டிபார்ட்மென்ட் பசங்க எழுத வேண்டியதை மெக்கானிக்கல்காரன் நீ ஏன்டா எழுதுற?" என்று ரூம்மேட் கேட்டான். நியாயமான கேள்வி. ஆனால் இந்த வாலைக் கவனிக்காததால் எங்கள் தெருவில் ஒரு குடும்பத்துக்குப் பணம் போனது. இதே வாலைப் புரிந்துகொண்டதால் இப்படிக் கேட்ட ரூம்மேட்டின் ப்ராஜெக்ட் டிராயிங் தப்பித்தது. இரண்டையும் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். அதனால் எழுதலாம் என்று எனக்கு நானே அனுமதி கொடுத்துக்கொண்டேன்.

முதலில் ஒரு சின்ன சரித்திரம். ஏன் மூன்று எழுத்து? நாலாக இருந்தால் என்ன?

1960-களில் டெக் என்ற அமெரிக்கக் கம்பெனி பிடிபி-6, பிடிபி-10 என்று பெரிய மெஷின்கள் செய்தது. அவற்றில் ஒரு 'வேர்ட்' என்பது 36 பிட். ஒரு எழுத்துக்கு 6 பிட் போதும் என்று கணக்கு வைத்தார்கள். 36-ஐ 6-ஆல் வகுத்தால் 6. ஆக ஃபைலின் பெயருக்கு ஒரு முழு வேர்ட், ஆறு எழுத்து. அடுத்த வேர்டில் பாதி, அதாவது 18 பிட், மூன்று எழுத்து. அதுதான் வால். நம்ம ஊர் வீட்டு மனை போலத்தான். இருக்கிற இடத்துக்குத் தகுந்த மாதிரி ரூம் கட்டினார்கள்.

பிறகு 1974-இல் கேரி கில்டால் உருவாக்கிய சிபி/எம், பெயருக்கு 8, வாலுக்கு 3 என்று வைத்துக்கொண்டது. அதைப் பார்த்து 1980-இல் டிம் பேட்டர்சன் ஒரு டாஸ் எழுதினார். அதை மைக்ரோசாஃப்ட் வாங்கியது. 1981-இல் ஐபிஎம் பிசியோடு உலகம் பூராவும் பரவியது. டாஸில் ஒரு ஃபைலைப் பற்றிய குறிப்பு டிஸ்க்கில் 32 பைட் இடம் எடுக்கும். முதல் 8 பைட் பெயர், அடுத்த 3 பைட் வால். இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், நடுவில் இருக்கும் புள்ளி அங்கே எழுதப்படுவதே இல்லை. 8 முடிந்தால் 3 ஆரம்பம் என்று மெஷினுக்குத் தெரியும். புள்ளி நம் கண்ணுக்காகப் போட்டது.

1995 ஆகஸ்டில் விண்டோஸ் 95 வந்தபோது இந்தத் தொல்லை தீர்ந்தது. பெயர் 255 எழுத்து வரை போகலாம், வாலும் நீளலாம். ஆனாலும் பழக்கம் விடவில்லை. ஜேபெக் என்று நாலெழுத்தில் இருக்க வேண்டியது இன்றும் பெரும்பாலும் ஜேபிஜி. எச்டிஎம்எல் சில இடங்களில் இன்னமும் எச்டிஎம். யாரோ எந்தக் காலத்திலோ 18 பிட் மிச்சம் பிடித்ததற்கு நாம் இன்றைக்கும் ஒரு எழுத்தை விழுங்கிக்கொண்டிருக்கிறோம்.

சரி, இந்த வால் எதற்கு? பெரும்பாலான பேர் நினைப்பது, "உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்வதற்கு." பாதி சரி. நம் வீட்டு அடுப்படியைப் பாருங்கள். ஹார்லிக்ஸ் பாட்டில் இருக்கும். உள்ளே ஹார்லிக்ஸா இருக்கும்? மிளகாய்த்தூளோ துவரம்பருப்போ இருக்கும். லேபிளை நம்பிப் பாலில் கலக்கிக் குடித்தால் தெரியும் சேதி! வாலும் அப்படி ஒட்டிய லேபிள்தான். ஒரு போட்டோவை எடுத்து ஜேபிஜி என்பதை டிஎக்ஸ்டி என்று மாற்றிப் பாருங்கள். டபுள் கிளிக் செய்தால் நோட்பேட் திறந்து, புரியாத குப்பையாக எழுத்துகள் ஓடும். போட்டோ கெட்டுவிட்டதா? ஒரு பைட் கூட மாறவில்லை. பெயரைத் திரும்ப ஜேபிஜி என்று மாற்றுங்கள், அதே படம் சிரிக்கும்.

உள்ளே என்ன இருக்கிறது என்று ஃபைலின் முதல் சில பைட்டுகளைப் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். இஎக்ஸ்இ ஃபைல் எதை எடுத்தாலும் முதல் இரண்டு எழுத்து எம், இசட். அது டாஸ் எழுதியவர்களில் ஒருவரான மார்க் ஸ்பிகோவ்ஸ்கியின் இனிஷியல். மனிதர் தன் பெயரை உலகத்தில் உள்ள ஒவ்வொரு விண்டோஸ் புரோகிராமிலும் பாத்திரத்தில் பெயர் வெட்டுவது போல வெட்டிவிட்டார். ஜிப் ஃபைலின் முதல் எழுத்துகள் பி, கே. 1989-இல் ஜிப்பைக் கொண்டுவந்த ஃபில் காட்ஸ். ஜேபெக் படம் 255, 216 என்ற இரண்டு எண்களில் ஆரம்பிக்கும். பிஎன்ஜி படத்தில் 137-க்கு அடுத்து பிஎன்ஜி என்றே எழுதியிருக்கும்.

லினக்ஸ் ஆட்கள் இதைத்தான் நம்புகிறார்கள். அங்கே 'ஃபைல்' என்று ஒரு கமாண்ட் இருக்கிறது, 1973-லிருந்தே யூனிக்ஸில் இருப்பது. அது வாலை மதிக்காது. பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு "இது மிளகாய்த்தூள்" என்று சொல்லும் அம்மா மாதிரி. ஆனால் மோந்து பார்ப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. வேர்டில் 2007-லிருந்து வருகிற டாக்எக்ஸ் ஃபைல் இருக்கிறதே, அதன் முதல் இரண்டு எழுத்தும் பி, கே தான்! காரணம், அது உள்ளுக்குள் ஒரு ஜிப் மூட்டை. நம்பிக்கை இல்லாவிட்டால் உங்கள் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை ஒரு காப்பி எடுத்து, வாலை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். உள்ளே 'வேர்ட்' என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் 'மீடியா' என்று ஒன்று, அதில் நீங்கள் ஒட்டிய படங்கள் எல்லாம் தனித்தனி ஃபைலாக இருக்கும். ஒரிஜினல் போட்டோவைத் தொலைத்துவிட்டு ரிப்போர்ட்டில் இருந்து மவுஸால் வெட்டி வெட்டி எடுக்கும் நண்பர்களே, இந்த ஒரு வித்தைக்காகவே எனக்கு ஒரு டீ வாங்கித் தரலாம்.

ஆக, மூட்டை ஒன்றே. வால்தான் அந்த மூட்டையை யார் அவிழ்க்க வேண்டும் என்று சொல்கிறது. இதுதான் விஷயமே. விண்டோஸில் டபுள் கிளிக் செய்ததும் அது ஃபைலின் உள்ளே போய்ப் பார்ப்பதில்லை. வாலைப் பார்க்கும். ரெஜிஸ்ட்ரி என்ற தன்னுடைய பெரிய நோட்டுப் புத்தகத்தைப் புரட்டும். "இந்த வாலுக்கு வேர்ட்", "இந்த வாலுக்கு ஆட்டோகேட்", "இந்த வாலா? இது தானே ஓடக்கூடியது, ஓட விடு" என்று அதில் எழுதியிருப்பதைச் செய்யும். வால் உள்ளே இருப்பதைச் சொல்கிறதோ இல்லையோ, தொட்டால் என்ன நடக்கும் என்பதைச் சொல்லிவிடுகிறது.

சி லேங்வேஜ் படிக்கிறவர்களுக்கு ஒரு உதாரணம். ஒரே புரோகிராமை டாட் சி என்று சேவ் செய்தால் ஓடுகிறது, டாட் சிபிபி என்று சேவ் செய்தால் எர்ரர் வருகிறது என்று லேபில் ஒரு குழப்பம் வரும். மாலோக் கொடுக்கும் பாயின்டரை அப்படியே இன்ட் பாயின்டரில் போடுவதை சி ஒத்துக்கொள்ளும், சி பிளஸ் பிளஸ் ஒத்துக்கொள்ளாது. கம்பைலர் எந்தச் சட்டப் புத்தகத்தை எடுப்பது என்பதை வாலைப் பார்த்து முடிவு செய்கிறது. வாலை மதிக்காத லினக்ஸிலும் ஜிசிசி இப்படித்தான். அங்கே சின்ன சி போட்டால் சி, பெரிய சி போட்டால் சி பிளஸ் பிளஸ்!

இப்போது வம்பு பிடித்த இடத்துக்கு வருகிறேன்.

விண்டோஸ் 95-லேயே ஒரு காரியம் செய்தார்கள். தனக்குத் தெரிந்த வால்களைத் திரையில் காட்டாமல் மறைத்துவிட்டார்கள். பார்க்க அழகாக இருக்கும், சாதாரண ஜனங்கள் பயப்பட மாட்டார்கள் என்ற நினைப்பு போலும். விண்டோஸ் 11 வரை அது அப்படியேதான் வருகிறது, நாமாகப் போய் மாற்றினால் ஒழிய. எனக்குப் பிடிக்காத ஏற்பாடு இது. தொட்டால் என்ன நடக்கும் என்று சொல்லும் ஒரே எழுத்தை மறைப்பது, கரென்ட் பாக்ஸில் மண்டையோடு படத்தை அழகுக்காக அழிப்பது மாதிரி.

2000-ஆம் ஆண்டு மே 4-ஆம் தேதி அதன் பலன் தெரிந்தது. 'ஐ லவ் யூ' என்ற தலைப்பில் ஒரு ஈமெயில். கூடவே ஒரு ஃபைல்: லவ்-லெட்டர்-ஃபார்-யூ டாட் டிஎக்ஸ்டி டாட் விபிஎஸ். கடைசி வாலை விண்டோஸ் மறைத்துவிட்டதால் பல பேருக்குத் தெரிந்தது டிஎக்ஸ்டி மட்டும். வெறும் எழுத்து ஃபைல், காதல் கடிதம் வேறு, யாருக்குத்தான் கை சும்மா இருக்கும்? திறந்தார்கள். விபிஎஸ் என்பது ஓடக்கூடிய ஸ்கிரிப்ட். அட்ரஸ் புத்தகத்தில் இருந்த அத்தனை பேருக்கும் அதே கடிதம் போனது. வைத்திருந்த ஜேபெக் போட்டோக்கள் மேல் தன்னையே எழுதி அழித்தது. லட்சக்கணக்கான கம்ப்யூட்டர்கள் மாட்டின. எழுதியது மணிலாவில் கம்ப்யூட்டர் படித்த ஒரு மாணவர், கிட்டத்தட்ட நம்மைப் போல. அந்த நேரத்தில் பிலிப்பைன்ஸில் இதற்குச் சட்டமே இல்லாததால் வழக்கு நிற்கவில்லை. அடுத்த மாதமே சட்டம் போட்டார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. அந்த ஃபைலின் பெயர் பொய் சொன்னது, நடுவில் இருந்த டிஎக்ஸ்டி பொய் சொன்னது. கடைசி வால் மட்டும் உண்மை. உண்மையாகத்தான் இருந்தாக வேண்டும், ஏனென்றால் அங்கே டிஎக்ஸ்டி என்று இருந்திருந்தால் டபுள் கிளிக்கில் நோட்பேட் திறந்திருக்கும், திருடனுக்கு வேலை நடக்காது. திருடன் எல்லாவற்றையும் மாற்றலாம், கதவைத் திறக்கும் சாவியை மட்டும் மாற்ற முடியாது. அதனால் அதை நாம் படிக்காமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வான்.

எங்கள் தெரு விஷயமும் இதுதான். எதிர் வீட்டில் ஒரு ஆட்டோ அண்ணன். சிறுவயதில் எங்களை ஸ்கூலுக்கு ஏற்றிப் போனவர். ஒருநாள் சாயந்தரம் அவருடைய வாட்ஸ்அப்புக்கு, வழக்கமாக வரும் சவாரிக்காரர் ஒருவர் நம்பரில் இருந்து, "உங்கள் வண்டிக்கு அபராதம், ரசீது இணைப்பில்" என்று ஒரு ஃபைல். ஆட்டோ ஓட்டுகிறவருக்கு அபராதம் என்றால் வயிறு கலங்காதா? தொட்டுவிட்டார். பெயரில் அபராதம் என்றும் ரசீது என்றும் இருந்தது. கடைசியில் ஏபிகே. ஆண்ட்ராய்டு போனில் ஏபிகே என்றால் ரசீதும் இல்லை, படமும் இல்லை. ஒரு புது ஆப்பை உள்ளே ஏற்றும் மூட்டை. (இதுவும் முதல் எழுத்து பி, கே உள்ள ஜிப்தான்!) போன் நல்லபடியாகக் கேட்டிருக்கிறது, "தெரியாத இடத்தில் இருந்து வந்த ஆப், ஏற்றலாமா?" என்று. ரசீதைப் பார்க்கும் அவசரத்தில் சரி கொடுத்தார். "எஸ்எம்எஸ் படிக்கலாமா?" அதற்கும் சரி.

ராத்திரி தூங்கும்போது ஓடிபி எல்லாம் அவருக்குத் தெரியாமல் வேறு எங்கோ போயிருக்கிறது. காலையில் பார்த்தால் மூன்று தடவையாக இருபத்தி மூன்றாயிரம் போய்விட்டது. ஆட்டோவுக்கு எஃப்.சி. எடுக்க வைத்திருந்த பணம். அண்ணி வாசல்படியில் உட்கார்ந்து அழுததைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

"தம்பி, நல்லா படிச்சுத்தான்யா தொட்டேன். அபராதம்னு தமிழ்லயே போட்டிருந்துச்சு."

"அண்ணே, பேரைப் படிச்சீங்க. வாலைப் படிக்கலையே."

சொன்ன பிறகு, அந்த நேரத்தில் அதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று தோன்றியது. உடனே 1930 என்ற சைபர் கிரைம் உதவி எண்ணுக்குப் போன் செய்தோம். கடைசியாகப் போன ஆறாயிரத்தை மட்டும் வழியிலேயே நிறுத்த முடிந்தது, சில வாரம் கழித்துத் திரும்ப வந்தது. மீதி வரவில்லை. அந்த நம்பரை வீட்டில் எல்லோருடைய போனிலும் போட்டு வையுங்கள், எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ அவ்வளவு நல்லது. சவாரிக்காரர் மேலும் தப்பில்லை. அவர் போனும் இதே மாதிரி மாட்டி, அவருக்கே தெரியாமல் எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறது.

போனில் ஏபிகே. கம்ப்யூட்டரில் இஎக்ஸ்இ, காம், பேட், சிஎம்டி, எம்எஸ்ஐ, விபிஎஸ், ஜேஎஸ். ஸ்கிரீன் சேவர் என்று அப்பாவியாக வரும் எஸ்சிஆர் கூட உள்ளுக்குள் அதே எம், இசட் தான். இந்த வால்கள் வந்தால் யார் அனுப்பினார்கள் என்பதை வைத்து நம்பாதீர்கள். ஷார்ட்கட்டுக்கு எல்என்கே என்று ஒரு வால் உண்டு. அது நாம் காட்டச் சொன்னாலும் தன்னைக் காட்டாத கள்ளப்பூனை. பென்டிரைவில் ஃபோல்டர் மாதிரி வேஷம் போட்டு வருவது பல நேரம் இதுதான். ஐகானின் மூலையில் சின்ன அம்புக்குறி இருக்கிறதா என்று பாருங்கள்.

மறைந்திருக்கும் வால்களைக் காட்டச் சொல்வது ஒரு நிமிஷ வேலை. விண்டோஸ் 11-இல் ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து 'வியூ', அதில் 'ஷோ', அதில் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதை டிக் செய்ய வேண்டும். விண்டோஸ் 10-இல் 'வியூ' டேபிலேயே கட்டம் இருக்கும்.

இந்த டிக்தான் ரூம்மேட்டைக் காப்பாற்றியது. அவனுடைய டீமுக்குத் தேங்காய் உரிக்கும் மெஷின் ப்ராஜெக்ட். அசெம்பிளி டிராயிங் முழுக்க அவன் ஒருவனே மூன்று வாரம் உட்கார்ந்து போட்டது. ரிவ்யூவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, சேவ் ஆகிக்கொண்டிருக்கும் நேரத்தில் கரென்ட் போய், யூபிஎஸ்ஸும் கைவிட்டது. திரும்ப வந்து திறந்தால் டிராயிங் திறக்கவே இல்லை. பையன் முகத்தில் ரத்தமே இல்லை. ஃபோல்டரில் ஒரே பெயரில் இரண்டு ஃபைல் தெரிந்தது. ஒன்றை டெலீட் செய்யப் போனான்.

"கை வைக்காதடா!" என்று லேப் அசிஸ்டென்ட் சார் ஒரு சத்தம் போட்டார். வால்களைக் காட்டச் செய்தார். ஒன்று டிடபிள்யூஜி, இன்னொன்று பிஏகே. ஆட்டோகேட் ஒவ்வொரு தடவை சேவ் செய்யும்போதும் அதற்கு முந்தைய டிராயிங்கை பிஏகே என்ற வாலோடு பக்கத்திலேயே வைத்துவிடும். உள்ளே அதே டிராயிங்தான், தானாகத் திறக்காமல் இருப்பதற்காக வால் மட்டும் வேறு. சார் அதை ஒரு காப்பி எடுத்து, வாலை டிடபிள்யூஜி என்று மாற்றச் சொன்னார். "வாலை மாற்றினால் ஃபைல் பயன்படாமல் போகலாம்" என்று விண்டோஸ் மிரட்டியது. ரூம்மேட் என்னைப் பார்த்தான். "யெஸ் குடுடா, சார் சொல்றாருல்ல" என்றேன். திறந்தது! கடைசியாகப் போட்ட இரண்டு பலூன் நம்பரும் டைட்டில் பிளாக்கும் மட்டும்தான் போயிருந்தன. அரை மணி நேர வேலை. வால் மறைந்திருக்கும்போதே பெயர் மாற்றியிருந்தால் டாட் டிடபிள்யூஜி டாட் பிஏகே என்று ஆகித் திறந்தே இருக்காது என்பதையும் சார் சொன்னார். பிஏகேயும் இல்லாவிட்டால் டெம்ப் ஃபோல்டரில் எஸ்வி டாலர் என்ற வாலோடு ஆட்டோசேவ் கிடக்கிறதா என்று தேட வேண்டும். அதற்கும் இதே வைத்தியம்.

ஆனால் வாலுக்கும் ஒரு எல்லை உண்டு. டிடபிள்யூஜி என்று இருந்தும் வேறு சென்டரில் போய்த் திறந்தால் "புது வெர்ஷன்" என்று மறுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஃபைலை நோட்பேடில் திறந்தால் முதல் ஆறு எழுத்து தெரியும். ஏசி1032 என்றால் 2018 வடிவம், ஏசி1027 என்றால் 2013, ஏசி1024 என்றால் 2010. வால் இதைச் சொல்வதில்லை. அதனால் வெளியே கொண்டுபோகும்போது 'சேவ் ஆஸ்' கொடுத்துப் பழைய வடிவத்தில் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஆட்டோகேட் பிறந்த 1982-லிருந்தே கூட இருக்கும் டிஎக்ஸ்எஃப் இருக்கவே இருக்கிறது.

தமிழ் விஷயத்திலும் இதே கதை. இந்த மலருக்கு வந்த படைப்புகளைச் சேர்த்தபோது எல்லாமே டாக்எக்ஸ் என்றுதான் வந்தன. திறந்தால் சில யூனிகோடு, சில பாமினி. பாமினி எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் கவிதை முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டிக் கிடந்தது. 2010-லேயே யூனிகோடுதான் என்று தமிழக அரசு அறிவித்துவிட்டது. ஆனால் நமக்கு அச்சு வேலை செய்யும் டிடிபி அண்ணன் இன்னமும் பேஜ்மேக்கர் வைத்திருக்கிறார், அதற்கு யூனிகோடு ஆகாது. ஆகவே பாமினியில் வந்ததைப் பிழை திருத்த யூனிகோடுக்கு மாற்றி, திருத்திய பிறகு அச்சுக்காக மறுபடி பாமினிக்கே மாற்றினோம்!

ஒரே ஒரு கவிதை மட்டும் ஜேபிஜியாக வந்தது. முதலாம் ஆண்டு தங்கை ஒருவர் லேப் ரெக்கார்டின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதி, போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார். அதை எந்த கன்வர்ட்டரிலும் போட முடியாது. நானும் ரூம்மேட்டும் உட்கார்ந்து ஒரு எழுத்து ஒரு எழுத்தாக டைப் அடித்தோம். இந்த மலரில்தான் எங்கோ இருக்கிறது, தேடிப் படியுங்கள்.